வலப்பக்கம் சாய்ந்த ஹெரால்டு

பழைய ஸ்பிரிங்கோடு பத்து வருஷம் நேராக நின்ற வண்டி, எல்லாவற்றையும் புதுசாக்கிய மறுநாள் சாய்ந்து நின்றது. அதுதான் எங்களுக்குப் பொறுக்கவில்லை.

வண்டி என் பெரியப்பாவுடையது. 1960களில் வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 2 கார், இரண்டு கதவு. தாம்பரத்தில் அவர் வீட்டு போர்ட்டிகோவில் நிற்கிறது. இது செய்யப்பட்ட வண்டலூர் அங்கிருந்து கூப்பிடு தூரம். மூன்று மாதம் எடுத்து அடிப்பாகம் முழுவதையும் பிரித்து மாட்டினோம். முன்பக்கம் இரண்டு காயில் ஸ்பிரிங், இணைப்புகளில் உள்ள எல்லா ரப்பர் புஷ், நான்கு ஷாக் அப்சார்பர் என எல்லாம் புதுசு. பின்பக்கத்துப் பட்டை, அதாவது வளைந்த தகடுகளை அடுக்கிய ஸ்பிரிங், மட்டும் பழசு. அதை ஜி.எஸ்.டி. சாலையோரம் லாரிப் பட்டை அடிக்கும் ஒரு பட்டறையில் கொடுத்து வளைவு ஏற்றி வாங்கினோம். பிரிட்டனில் புதுப் பட்டை கிடைக்கும். ஆனால் அந்தக் கனத்துக்கு வரும் கப்பல் கூலியைக் கேட்டதும் பெரியப்பா பேச்சை மாற்றிவிட்டார்.

என்ன நடந்தது என்பதைப் புரிந்துகொள்ள இந்த வண்டியின் பின்பக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஹெரால்டு 1959இல் இங்கிலாந்தில் ட்ரயம்ஃப் என்ற பெயரில் வந்தது. உருவம் கொடுத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலொட்டி. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் இதைச் செய்தது. அன்றைய அம்பாசிடரிலும் ஃபியட்டிலும் பின்னால் ஒரே முழு ஆக்சில், அதன் இரு முனையிலும் நீளவாக்கில் ஒவ்வொரு பட்டை. ஹெரால்டில் அப்படி இல்லை. எஞ்சின் சுழற்சியை இரண்டு பின்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல், சேஸியோடு (வண்டியின் அடிச்சட்டத்தோடு) சேர்ந்து நிலையாக இருக்கும். அதிலிருந்து இரண்டு அரை ஆக்சில்கள் இரண்டு பக்கமும் கைபோல மேலும் கீழும் ஆடும். இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பட்டைதான். அது வண்டிக்குக் குறுக்கே, டிஃபரன்ஷியலின் தலைமேல் நடுவில் இறுக்கப்பட்டு, முனைகளில் உள்ள வளையங்களில் (கண் என்போம்) இடது கண் இடது சக்கரத்தையும் வலது கண் வலது சக்கரத்தையும் பிடித்துக்கொண்டிருக்கும். நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு இந்த ஏற்பாடு ஒத்துவரவில்லை என்றுதான் பின்னால் வந்த கெஸல் காரில் கம்பெனியே இதைத் தூக்கிவிட்டு முழு ஆக்சில் போட்டது. அந்த முடிவில் நியாயம் இருந்தது என்பதை நானே பட்டுத் தெரிந்துகொண்டேன்.

வேலை முடிந்து ஜாக்கியிலிருந்து இறக்கியபோது வண்டி ஒட்டகம்போல நின்றது. பின்பக்கம் வானத்தைப் பார்த்தது. இரண்டு பின்சக்கரமும் அடியில் உள்ளே மடிந்து, கால் பின்னிக்கொண்டு நிற்கும் குழந்தை மாதிரி இருந்தன. நான் பதறினேன். கூட வேலை செய்த மெக்கானிக் அண்ணன் பதறவில்லை. “தம்பி, ஹெரால்டு அப்படித்தான். தெருவுல ஒரு ரவுண்டு தள்ளிட்டு வாங்க” என்றார். தூக்கியதும் அரை ஆக்சில்கள் தொங்கிவிடுகின்றன, சக்கரங்களின் அடி உள்நோக்கி வந்துவிடுகிறது. இறக்கும்போது டயர் தரையைக் கவ்விக்கொள்வதால் பக்கவாட்டில் விரிய முடிவதில்லை. பத்தடி உருட்டியதும் வண்டி ஒரு பெருமூச்சு விட்டதுபோல் இரண்டு விரற்கடை இறங்கியது. இந்த மாதிரி ஆக்சில் உள்ள எந்த வண்டியையும் உருட்டாமல் உயரம் அளந்தால் அந்த எண்ணைக் குப்பையில் போடலாம்.

சரி, உருட்டிவிட்டு அளந்தேன். தரையிலிருந்து மட்கார்டு வளைவின் உச்சி வரை. முன்பக்கம் இடதைவிட வலது 26 மி.மீ. தாழ்வு. பின்பக்கம் 12 மி.மீ. தாழ்வு. வலப்பக்கம்தான் சாய்வு, முன்னால்தான் அதிகம், ஆகவே முன் வலது காயில்தான் கோளாறு என்று அரை நிமிஷத்தில் தீர்ப்பு எழுதினேன். அந்தத் தீர்ப்பால் மூன்று வாரம் போனது.

அந்த அளவில் இரண்டு தப்பு இருந்தது. போர்ட்டிகோவின் தரைக்குக் கொத்தனார் மழைத்தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்திருந்தார், அதுவும் மூலைவாட்டமாக. பின்னர் ட்யூப் லெவல் பிடித்துப் பார்த்தபோது நான்கு சக்கரம் நிற்கும் இடங்களுக்குள்ளேயே 9 மி.மீ. வித்தியாசம். இன்னொரு தப்பு பானெட். ஹெரால்டின் பானெட் இரண்டு முன் மட்கார்டையும் சேர்த்து ஒரே உருப்படியாக முன்னோக்கித் திறக்கும். அதன் கீலையும், பின்னால் அது உட்காரும் ரப்பர்களையும் ஏற்றி இறக்கிச் சரிசெய்ய முடியும். பெயின்ட் அடித்தபின் அதை மாட்டியது நாங்கள்தான். கோணலாக மாட்டியிருந்தோம். ஆக, முன் மட்கார்டு வளைவை அளந்தால் கிடைப்பது பானெட்டின் உயரம், வண்டியின் உயரம் இல்லை.

இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்றைக்குச் செய்தது, இரண்டு முன் காயிலையும் கழற்றி இடம் மாற்றி மாட்டியது. ஒரு நாள் வேலை. வலது காயில்தான் பலவீனம் என்றால் இப்போது சாய்வு இடப்பக்கம் போக வேண்டும். போகவில்லை. அதே வலது, அதே அளவு. இவ்வளவு தெளிவான சாட்சியை வண்டி கையில் கொடுத்தும் நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. “டிரைவர் பக்கம் எப்பவும் கொஞ்சம் தாழும், வலதுக்கு ஒரு வளையம் கொடுத்துடலாம்” என்று அண்ணன் சொன்னதும் தலையாட்டினேன். லேத்தில் 6 மி.மீ. அலுமினிய வளையம் கடைந்து வலது காயிலுக்கு மேல் வைத்தோம். சாய்வு ஓரளவு குறைந்தது. போட்டோ எடுத்துப் பெரியப்பாவுக்கு அனுப்பினேன்.

அடுத்த வாரம் நல்ல மழை. முடிச்சூர் சாலையில் ஒரு ஆட்டோ குறுக்கே வர, பிரேக் அடித்தேன். முன் இடது சக்கரம் மட்டும் பூட்டிக்கொண்டு வழுக்கியது, வண்டி வலப்பக்கம் இழுத்தது. பிரேக் டிரம்மைக் கழற்றிப் பார்த்தோம். லைனிங்கிலும் சிலிண்டரிலும் ஒரு குறையும் இல்லை. முன் இடது சக்கரத்தின்மேல் போதுமான எடை இல்லை, அவ்வளவுதான்.

வீட்டில் கட்டில் ஆடினால் அட்டையை மடித்து ஒரு காலுக்கு அடியில் வைப்போம் இல்லையா? அப்படி வைத்ததும் அந்தக் காலும் அதற்கு மூலைக்கு மூலை எதிரே உள்ள காலும்தான் பாரத்தைச் சுமக்கும். மற்ற இரண்டும் பேருக்குத் தரையைத் தொடும். காரும் அப்படித்தான். வலது முன்னால் வளையம் வைத்தபோது வலது முன், இடது பின் சக்கரங்களில் எடை ஏறியது, மற்ற இரண்டிலும் இறங்கியது. உண்மையான கோளாறு பின்னால் இடப்பக்கம் ஏறி நின்றதாக இருந்தால்? அப்போதும் இதே மூலைச் சோடியில்தான் ஏற்கெனவே எடை கூடியிருக்கும். வளையத்தை வைத்து நான் அதை இரட்டிப்பாக்கியிருந்தேன். கண்ணுக்கு நேராகத் தெரிந்த வண்டி, சாய்ந்து நின்றபோது இருந்ததைவிட மோசமாகிவிட்டது.

அதன் பிறகுதான் ஒழுங்காக உட்கார்ந்து யோசித்தேன். வளையத்தை எடுத்தேன். சக்கரங்களுக்கு அடியில் டைல்ஸ் துண்டுகளும் தகடுகளும் கொடுத்து நான்கையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். பின்சக்கரங்களுக்குக் கீழே இரண்டிரண்டு தகடு, நடுவில் கிரீஸ். அப்படி வைத்தால் டயர் தரையைக் கவ்வாமல் பக்கவாட்டில் வழுக்கி உட்காரும், ஒவ்வொரு முறையும் தெருவில் தள்ள வேண்டாம். நான்கு டயரிலும் ஒரே காற்று. பெட்ரோல் டேங்க் டிக்கியில் ஒரு ஓரமாக இருப்பதால் எவ்வளவு இருக்கிறது என்பதையும் குறித்துக்கொண்டேன். இந்த முறை மட்கார்டைத் தொடவில்லை. டேப்பைச் சேஸியில் வைத்தேன். முன்னால் 18 மி.மீ. சாய்வு, பின்னால் 17.

இரண்டும் ஏறக்குறைய ஒன்று. பார்த்ததும் ஏமாற்றமாக இருந்தது, பிறகு யோசித்தால் அப்படித்தானே இருக்க வேண்டும். சேஸி ஒரே சட்டம். முன்னால் சாய்ந்தால் பின்னாலும் சாயும். எந்த முனை தள்ளுகிறது, எந்த முனை தள்ளப்படுகிறது என்பதை நின்ற நிலையில் டேப் சொல்லாது.

அதைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. ஒரு முனையின் ஸ்பிரிங்குகளைப் பேச்சிலிருந்து விலக்கிவிட்டு மற்ற முனையை மட்டும் தனியாகப் பேசவிடுவது. திருப்பத்தில் வண்டி சாயாமல் இரண்டு முன்சக்கரத்தையும் இணைக்கும் கம்பியான ஆன்டி ரோல் பாரின் ஒரு பக்க லிங்க்கைக் கழற்றினேன், அதுவே முறுக்கிக்கொண்டு பொய் சொல்லக்கூடும். சேஸியின் முன் குறுக்குச் சட்டமான கிராஸ்மெம்பரின் நட்ட நடுவில் மரக்கட்டை வைத்து, ஒரே ஜாக்கியால் முன்சக்கரங்கள் தரையை விடும் அளவுக்கு மட்டும் தூக்கினேன். இப்போது வண்டியின் முன்பாதி ஒரு புள்ளியில் நிற்கிறது, அதனால் எந்தப் பக்கமும் சாயத் தடை இல்லை. மிச்சமிருக்கும் சாய்வு முழுக்கப் பின்பக்கத்தின் சொந்தச் சரக்கு. (இதைச் செய்கிறவர்கள் இரண்டு பக்கமும் சேஸிக்குக் கீழே ஒரு விரல் இடைவெளி விட்டு ஸ்டாண்டு வையுங்கள். ஒரே ஜாக்கியை நம்பி யாரும் அடியில் போக வேண்டாம்.) வண்டியை இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டு அளந்தேன். பின்னால் 26 மி.மீ.

முன்பக்கத்தை விடுவித்ததும் சாய்வு குறையவில்லை, கூடியது. அதாவது முன் காயில்கள் இத்தனை நாளும் சாய்வை எதிர்த்துத் தாங்கிக்கொண்டிருந்தன. நான் குற்றவாளி என்று பிடித்து உலுக்கியது, குற்றத்தைத் தடுக்கப் பார்த்தவனை.

சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்கட்டும் என்று மாற்றியும் செய்தேன். முன்சக்கரங்களை இறக்கி, பின்னால் டிஃபரன்ஷியலின் நடு அடியில் ஜாக்கி. ஹெரால்டில் அது சேஸியோடு சேர்ந்திருப்பதால் இது செல்லும், முழு ஆக்சில் உள்ள வண்டியில் செல்லாது. முன்பக்கம் தனியாக நின்றபோது சாய்வு 3 மி.மீ.தான்.

ஆக, பின்பக்கம். அங்கே சந்தேகப்பட இரண்டே இடம். ஒன்று பட்டைக் கண்ணில் உள்ள ரப்பர் புஷ். இந்த மாதிரி புஷ்ஷின் உள்குழாயை போல்ட் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதன்பின் சக்கரம் ஆடும்போது ரப்பர் முறுக்கிக்கொடுத்துதான் அசைவு வரும். எந்த நிலையில் இறுக்குகிறோமோ அதுதான் ரப்பருக்கு ஓய்வு நிலை. சக்கரம் தொங்கும்போது இறுக்கிவிட்டால், வண்டியை இறக்கிய நிமிஷத்திலிருந்து ரப்பர் அந்தப் பக்கத்தை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். வேலை நடந்த நாளை நினைத்துப் பார்த்தேன். இடது போல்ட்டை நான் வண்டி ஜாக்கியில் இருக்கும்போதே முறுக்கினேன். வலதுக்கு வரும்போது மதியச் சாப்பாடு வந்துவிட்டது. அதை அண்ணன் மறுநாள், வண்டி தரையில் நின்றபிறகு இறுக்கியிருக்கிறார். சாம்பாரின்மேல் பழி போட முடியாது. வண்டி தன் எடையில் நிற்கும்போது இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, ஆட்டிவிட்டு, மறுபடி இறுக்கினேன். நான்கு சக்கரத்தில் நிற்கையில் 18 ஆக இருந்தது 13 ஆனது. முன்பக்கத்தைத் தூக்கிய நிலையில் 19.

மிச்சம் பட்டையில்தான் இருக்க வேண்டும். பின் சீட்டின் மெத்தையை எடுத்து, அடியில் உள்ள மூடியைக் கழற்றினால் பட்டையை இறுக்கும் நட்டுகள் தெரியும். கழற்றி, மொட்டைமாடியின் சமதளத்தில் சாய்த்து வைத்துச் சாக்பீஸால் கோடு போட்டேன். சென்டர் போல்ட்டிலிருந்து இரண்டு கண்ணுக்கும் நீளம் சமம்தான். சென்டர் போல்ட்டின் வழியாக, அது உட்காரும் தட்டைப் பகுதிக்கு இணையாக ஒரு கோடு இழுத்தேன். அந்தக் கோட்டிலிருந்து கண்கள் எவ்வளவு வளைந்து போகின்றன என்று அளந்ததும் விஷயம் அவிழ்ந்தது. இடது பாதியின் வளைவு வலதைவிட 16 மி.மீ. அதிகம். கண் இருக்கும் இடம் சக்கரத்தைவிடக் கொஞ்சம் உள்ளே என்பதால் சக்கரத்தில் அது இன்னும் கொஞ்சம் பெருகும். 19க்குக் கணக்கு சரியாக வருகிறது.

பட்டையைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். சண்டை போடும் எண்ணத்தில்தான் போனேன். அங்கே இருந்த பெரியவர் டேப்பைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “சார், மொத்த வளைவு நீங்க கேட்ட மாதிரிதானே இருக்கு? முன்ன பின்ன அரை இஞ்ச் லாரியில யாரு பாக்குறா?” என்றார்.

அவர் சொன்னது சரிதான். லாரியில் பட்டை நீளவாக்கில் ஓடுகிறது. அதன் ஒரு பாதி ஆக்சிலுக்கு முன்னால், மறுபாதி பின்னால். ஒரு பாதி கொஞ்சம் அதிகம் வளைந்திருந்தால் ஆக்சில் தாங்கும் கோணம் துளி மாறும், வண்டி சாயாது. லாரியைச் சாய்ப்பது இடது பட்டைக்கும் வலது பட்டைக்கும் உள்ள வித்தியாசம். அதை இந்தப் பெரியவர் இரண்டையும் அருகருகே நிறுத்தி, கண்ணாலேயே சரிபார்ப்பார். ஹெரால்டில் இடது பட்டையும் வலது பட்டையும் ஒரே பட்டையின் இரண்டு பாதிகள். நான் அவரிடம் கொடுத்தது ஒரு பட்டை, சொன்னது ஒரு அளவு. இது குறுக்கே மாட்டுவது என்ற ஒரு வார்த்தையை நான் சொல்லவே இல்லை. அவர் தன் தொழிலைச் சரியாகத்தான் செய்திருந்தார்.

காரின் அடியில் இது எப்படி உட்காரும் என்று மண்ணில் குச்சியால் வரைந்து காட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தவர், “அட, இது தராசுக்கோல் மாதிரியில்ல நிக்குது” என்றார். அதைவிட நல்ல விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை.

இந்த முறை எண்ணைச் சொல்லவில்லை, அச்சு செய்து கொடுத்தேன். பழைய ப்ளைவுட் துண்டில் வலது பாதியின் வளைவை வரைந்து அறுத்து, சென்டர் போல்ட்டுக்கு ஒரு ஓட்டை போட்டேன். அந்தப் பலகையை ஓட்டையில் வைத்து மறுபக்கம் திருப்பிப் போட்டால் இடது பாதி அதோடு பொருந்த வேண்டும், அவ்வளவுதான். சூடு காட்டினால் பட்டையின் பதம் போய்விடும் என்பதால், பெரியவர் ஒவ்வொரு தகடாகப் பிரித்துக் குளிராகவே அடித்தார். இடது பாதியின் வளைவைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். ஒவ்வொரு சுற்றுக்கும் பலகையைத் திருப்பிப் பார்ப்பது அவருக்கே விளையாட்டாகிவிட்டது. மாலை நான்கு மணிக்கு இரண்டு கண்ணுக்கும் வித்தியாசம் 2 மி.மீ.

மாட்டும்போது அவசரப்படவில்லை. தகடுகளுக்கு நடுவே கிரீஸ், கண் போல்ட்டுகள் கையால் திருகிய அளவோடு, வண்டி தரையில், தெருவில் ஒரு சுற்று. அப்புறம் டிரைவர் சீட்டில் என் எடைக்கு ஈடாக மூன்று அரிசி மூட்டை, ஒவ்வொன்றும் 25 கிலோ. வண்டியை ஆட்டிவிட்டு, அந்த நிலையில் பின்பக்க போல்ட்டுகளை இறுக்கினேன். முன் ஆர்ம் புஷ் போல்ட்டுகளையும் இதே கணக்கில் ஒருமுறை தளர்த்தி இறுக்கினேன். அங்கே இருந்த 3 மி.மீ.யில் கொஞ்சம் அதிலும் இருந்திருக்கலாம். கையோடு, முன்சக்கரம் திரும்பும் அடி மூட்டான பித்தளை ட்ரனியனில் யாரோ அடைத்திருந்த கிரீஸை வழித்தெடுத்து 90ஆம் நம்பர் கியர் ஆயில் ஏற்றினேன். அது எண்ணெய் குடிக்கிற உருப்படி. கிரீஸ் அடித்தே நம் ஊரில் பாதி ஹெரால்டுகளின் முன்காலை உடைத்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம். சாய்வுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

காலி வண்டி இப்போது இடப்பக்கம் 2 மி.மீ. தாழ்வு. நான் ஏறி உட்கார்ந்தால் வலப்பக்கம் 3. அலுமினிய வளையம் மேஜையில் பேப்பர் பறக்காமல் இருக்கப் பயன்படுகிறது. செங்கல்பட்டு வரை நான்கைந்து முறை போய் வந்து 400 கி.மீ. ஓடியபின் அளந்ததில் வண்டி மொத்தமாக 8 மி.மீ. இறங்கியிருந்தது, இரண்டு பக்கமும் சமமாக. காலியான சாலையில் வேண்டுமென்றே பிரேக் அடித்துப் பார்த்தேன். இரண்டு முன்சக்கரமும் ஒன்றுபோலப் பிடித்தன, ஸ்டியரிங் கையில் அசையவில்லை.

ப்ளைவுட் அச்சைப் பட்டறைப் பெரியவர் திருப்பித் தரவில்லை. இன்னொரு ஹெரால்டு வந்தால் வேண்டும் என்று ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். பெரியப்பாதான் இன்னும் சமாதானமாகவில்லை. தினமும் காலையில் திண்ணையில் காபியோடு உட்கார்ந்து வண்டியை நேர் எதிரே பார்த்து, “இன்னும் சாயுதேடா” என்கிறார். அது பானெட். 8 மி.மீ. கோணல் அப்படியே இருக்கிறது. பெயின்ட் கீறாமல் அதைத் தூக்கி வைக்க இன்னும் இரண்டு பேர் வேண்டும், வருகிற ஞாயிறுக்கு அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.